மாநிலப் பட்டியல்

12.7.1975, சனி

அறவாழி இன்று காலை வந்து சேர்ந்தான். பெங்களூரிலிருந்து தக்காளி லாரியில். சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. வாசலில் நின்றவனைப் பார்த்ததும் கயல் வீறிட்டு அழுதுவிட்டாள். மூன்று வயதுப் பிள்ளை, பயப்படாமல் என்ன செய்யும்? "உன் மாமன்டி, கிறுக்கு" என்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஐந்தே நிமிஷம், அவன் மூக்குக்கண்ணாடி அவள் கையில்.

எமர்ஜென்சி வந்து பதினாறு நாள் ஆகிறது. இவன் ஆலையில் யூனியன் செயலாளர். தலைவரையும் பொருளாளரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். இவன் அறைக்குப் போலீஸ் வந்தபோது இந்தத் துரை முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரச் சொல்லி எழுதியது நான்தான். கர்நாடகத்தில் தில்லி உட்கார் என்றால் உட்காருகிறார்கள். இங்கே நம் அரசு அப்படி இல்லை. எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், யாரையும் வாரிக்கொண்டு போகவில்லை. பன்னிரண்டு வருஷமாக பி.ஏ. பெண்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். ஒரு மாநிலம் நிமிர்ந்து நின்றால் மத்திய அரசு எவ்வளவு யோசிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் கேட்டார், "மாப்ள எத்தனை நாளைக்கு இருப்பான்?" என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், எதைக் கேட்டாலும் ரீடிங் எடுக்கிற குரல்தான். "தில்லிக்குப் புத்தி வர்ற வரைக்கும்" என்றேன்.

21.8.1975, வியாழன்

இன்ஸ்பெக்டர் தேவசகாயம் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் எஸ்தர் என் வகுப்பு, மூன்றாம் ஆண்டு. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அந்த மட்டும் மரியாதை தெரிந்த மனுஷர்.

"கர்நாடகாவிலேர்ந்து ஒரு லிஸ்ட் வந்திருக்கு மேடம். உங்க தம்பி பேரு இருக்கு. சும்மா தெரியப்படுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பிடிக்கப் போறீங்களா?"

"எங்களுக்கு மேலிடம் மெட்ராஸ்ல இருக்கு மேடம். பெங்களூர்லயும் இல்ல, தில்லியிலயும் இல்ல. மெட்ராஸ்லேர்ந்து ஆர்டர் வராத வரைக்கும் நீங்க நிம்மதியா இருங்க."

காபி குடித்தார். அறவாழியே உள்ளே இருந்து டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தான். எஸ்தருக்கு எழுத்து சரியில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பார்த்தேன் என்றார்.

9.10.1975, வியாழன்

இன்று தென் கரோலினா பாடம். 1832ல் மத்திய அரசு போட்ட சுங்கவரி தன் எல்லைக்குள் செல்லாது என்று அந்த மாநிலம் தீர்மானம் போட்டது. வசூலிக்க வந்தால் ஒன்றியத்தை விட்டே போவோம் என்றது. குடியரசுத் தலைவர், படையை அனுப்புவேன் என்றார். கரும்பலகையில் எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. எதிரே நாற்பது பெண்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

எஸ்தர் மட்டும் கை தூக்கினாள். "மத்த மாநிலமெல்லாம் ஏன் மேடம் துணைக்கு வரல?"

நல்ல கேள்வி. ஒரு மாநிலமும் வரவில்லை என்பதுதான் உண்மை. கடைசியில் வரியைக் கொஞ்சம் குறைத்தார்கள், தென் கரோலினா தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் மாநில அரசை யாரும் கலைக்கவில்லை, கலைக்கவும் முடியாது, அந்த அரசியல் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை என்று சொன்னேன். நம் சட்டத்தில் இடம் உண்டா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டில் வந்து பெருமையாக இதைச் சொன்னால், அறவாழி கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டபடியே கேட்கிறான்: "அந்தத் தென் கரோலினாவுல பாதிக்கு மேல அடிமைங்கதானேக்கா? அவங்களுக்கு எந்த கவர்மெண்ட்டு சொந்த கவர்மெண்ட்டு?"

"அது தனிப் பாடம். ஜனவரியில வரும்."

"சரிதான். அடிமைக்குத் தனிப் பாடம்." மூஞ்சி முழுக்கக் கிரீஸோடு சிரிக்கிறான். அப்பா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே இவன் வாய் இப்படித்தான். எனக்குக் கோபம் வந்து, சாப்பிட வராதே என்றேன். வந்து மூன்று தோசை தின்றான்.

மோட்டார் ஓடுகிறது.

16.1.1976, வெள்ளி

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. ஆத்தூரிலிருந்து அம்மா வந்துவிட்டுப் போனாள். பிள்ளை கண் முன்னால் இருக்கிறான் என்று அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அவள் பஸ் ஏறிய பிறகு அறவாழி மெதுவாக ஆரம்பித்தான். வயநாட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை தயாராக இருக்கிறதாம். கூட்டாளி ஏற்பாடு. வேறு பெயர், மலை மேலே, யாரும் தேட மாட்டார்கள். இருபதாம் தேதி கிளம்புகிறேன் என்கிறான்.

"இங்க என்னடா குறைச்சல்?"

"குறைச்சல் இல்லக்கா. பேப்பர் பாக்கற இல்ல? தில்லியில பேசற பேச்சு சரியில்ல. இந்த கவர்மெண்ட்டு ரொம்ப நாள் தாங்காது."

"மார்ச்சுல சட்டசபை ஆயுளே முடியப்போவுது. ரெண்டு மாசத்துல தானா முடியறதை எவனாவது கலைப்பானா? நானும் அரசியல் சட்டம் படிச்சவதான்."

விஷயம் அதுவும் இல்லை. கயலுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துகிற வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. எனக்கு இருப்பது ஒரே தம்பி. நாளையிலிருந்து தேய்பிறை. தை அமாவாசை போய், வளர்பிறையில் பிப்ரவரி இரண்டாம் தேதி திங்கட்கிழமை, ஆறு முதல் ஏழரை நல்ல நேரம் என்று அவர் பார்த்து வைத்திருக்கிறார்.

"அமெரிக்கா நடத்தறவ அமாவாசை பாக்கறியேக்கா" என்றான்.

"உனக்கு வேணாம்னா உன் மகளுக்குப் பாக்காம குத்து. இது என் மக."

இருக்கிறேன் என்றான். பதினேழு நாள்தானே.

31.1.1976, சனி. தை அமாவாசை

சாயங்காலம் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அரசைக் கலைத்துவிட்டார்கள். சட்டசபை இல்லை. ஜனாதிபதி ஆட்சி.

தெருவில் ஒரு சத்தம் இல்லை. எதிர்வீட்டில் கட்சிக்கொடிக் கம்பத்தை அவர்களே கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள்.

அறவாழி உடனே கிளம்புகிறேன் என்றான். பேசினோம். திங்கட்கிழமை முடித்துக்கொண்டே போவதாக முடிவாயிற்று.

1.2.1976, ஞாயிறு

வெற்றிலை இரண்டு கவுளி, ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, கயலுக்குப் பட்டுப்பாவாடை இஸ்திரி போட்டாயிற்று. அவர் என்னோடு பேசவில்லை.

2.2.1976, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு ஆசாரி வந்தார். கூடத்தில் பாய் போட்டு அறவாழி சம்மணம் போட்டு உட்கார்ந்தான், புது வேட்டி. கயலை மடியில் வைத்துத் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வாயில் வெல்லம் வைத்தான். வலது காது குத்தி முடித்தபோது வாசலில் ஜீப் நின்றது. இந்தத் தடவை தெருமுனையில் நிறுத்தவில்லை.

தேவசகாயம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பின்னால் மூன்று பேர். ஒருத்தர் எங்கள் தெரு பீட் கான்ஸ்டபிள் பழனி, தீபாவளிக்கு என்னிடம் வேட்டி வாங்கியவர்.

"மெட்ராஸ்லேர்ந்து ஆர்டர் வந்துடுச்சு மேடம்" என்றார்.

அறவாழி ஆசாரியைப் பார்த்து, "நீங்க அடுத்த காதைக் குத்துங்க, பிள்ளை பாதியில நிக்கக் கூடாது" என்றான். ஆசாரி ஊசியோடு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர், "முடியட்டும், முடியட்டும்" என்றார். நாலு போலீஸ்காரர்கள் நிற்க என் மகளுக்கு இடது காது குத்தியது. அவள் போட்ட கத்தலில் அறவாழி அவள் இரண்டு காதிலும் மாறி மாறி ஊதிக்கொண்டே இருந்தான்.

சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டு இட்லி சாப்பிட்டான். மூன்றாவது வைக்கப் போனேன், போதும் என்றான். மூன்றுக்குக் குறைந்து அவன் சாப்பிட்டதே இல்லை.

தில்லியிலிருந்து யாரும் வரவில்லை. எல்லாம் நம்மூர் ஆட்கள். அதே சட்டை, அதே தொப்பி. ஒரு மாநிலத்தின் முதுகெலும்பு என்று நான் கரும்பலகையில் எழுதிக்காட்டியதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேறு ஆளுக்குச் சல்யூட் அடிக்கக் கற்றுக்கொண்டது.

5.2.1976, வியாழன்

எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் கலெக்டர் ஆபீஸ். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் ஸ்டேஷன்.

எஸ்தர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா மூணு நாளா சரியா சாப்பிடல மேடம்" என்றாள்.

"என் தம்பி சாப்பிட்டானான்னு உங்கப்பாகிட்ட கேட்டுட்டு வா" என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. பிள்ளை கண்ணில் நீர் முட்டிப் போய்விட்டாள். அவள் என்ன செய்வாள் பாவம். என் வாயைத் தைக்க வேண்டும்.

மறுபடி நாலு மணிக்கு வந்தாள். ஒரு தாளில் வெளியூர்ச் சிறை ஒன்றின் பெயரும் ஒரு கைதி நம்பரும் எழுதிக் கொடுத்தாள். எழுத்து சரியில்லைதான்.

சாயங்காலம் பீரோவிலிருந்து அவன் பையை எடுத்து, சட்டைகளைத் துவைத்துப் போட்டேன்.

24.2.1976, செவ்வாய்

எஸ்தர் மூலமாகத் தெரிந்தது: சிறையில் முதல் வாரம் கைதிகளை வரிசையாக நிறுத்தி அடித்திருக்கிறார்கள். அறவாழிக்கு இடுப்பில் பலமான அடி. சிறுநீரில் ரத்தம் போகிறதாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி மெட்ராஸ் உள்துறைக்கு மனு எழுதினேன். பதிவுத் தபால். அவர் வாங்கிப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் திருத்தினார். மூன்று வாரத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "தேதி போடல."

16.3.1976, செவ்வாய்

சிறையில் அவனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பத்து நிமிஷம். நடுவில் கம்பிவலை, பக்கத்தில் ஒரு வார்டர்.

அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி இல்லை. முகம் வீங்கி, கை மட்டும் மெலிந்திருந்தது. "கயல் காது ஆறிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டான். ஆறிவிட்டது என்றேன். சீழ் பிடித்து ஒரு வாரம் கஷ்டப்பட்டதைச் சொல்லவில்லை.

"டாக்டர் பாக்கறாராடா?"

"பாக்கறாரு. 'நீங்க மிசா கைதி, உங்களை வெளிய அனுப்பற அதிகாரம் எங்களுக்கு இல்ல, தில்லிக்குப் போகணும்'ங்கறாரு. தில்லிக்கு நடந்தா போறதுன்னு கேட்டேன்." சிரித்தான். சிரித்தால் வலிக்கிறது போல, இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

நான் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்ல விடவில்லை அவன். அதற்குள் வார்டர் நேரமாயிற்று என்றார்.

வெளியே வந்து சிறைச் சுவர் ஓரமாக நின்று அழுதேன். வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

2.4.1976, வெள்ளி

மெட்ராஸிலிருந்து பதில். மத்தியச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டிருப்பதால் மத்திய உள்துறையின் கருத்து தேவையாம். தில்லிக்கு எழுதச் சொல்கிறார்கள். இன்றே எழுதி அனுப்பினேன். மருத்துவச் சீட்டின் நகல் இணைத்தேன். தேதி போட்டேன்.

29.4.1976, வியாழன்

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு பேப்பரில் வந்திருக்கிறது. எமர்ஜென்சி இருக்கும்வரை, என்னை ஏன் பிடித்தாய் என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. அறவாழிக்காக வழக்குப் போட நான் பணம் அனுப்பியிருந்த மெட்ராஸ் வக்கீல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர்.

கல்லூரியில் பரீட்சை மேற்பார்வை. கேள்வித்தாளில் 'தென் கரோலினாவின் செல்லாதாக்கும் தீர்மானம் பற்றிக் கட்டுரை வரைக' என்று இருந்தது. எல்லாப் பெண்களும் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசைக்குள் நடக்கப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

11.5.1976, செவ்வாய்

தந்தி வந்தது. அறவாழி நேற்றுக் காலை இறந்துவிட்டான்.

13.5.1976, வியாழன்

சிறையிலிருந்து உடலைத் தூக்கி வந்தோம். முப்பத்திரண்டு வயது. கயல் பந்தலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

தேவசகாயம் சீருடை இல்லாமல் வந்து தெருமுனையில் நின்றிருந்தாராம். உள்ளே வரவில்லை. வீட்டுக்காரர், போய்க் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

27.5.1976, வியாழன்

இன்று தில்லியிலிருந்து பதில் வந்தது. தேதி மே பதினெட்டு. தம்பி செத்து எட்டு நாள் கழித்து எழுதியிருக்கிறார்கள். இங்கிலீஷில் நாலு வரி. தமிழில் இப்படி வரும்:

'தங்கள் சகோதரரின் மருத்துவ வசதி குறித்த மனு பரிசீலிக்கப்பட்டது. அரசியல் சட்டப்படி சிறைகள் மாநிலப் பட்டியலில் அடங்கியவை. மாநில அரசின் உரிமைக்கு உட்பட்ட இவ்விஷயத்தில் மத்திய அரசு தலையிடுவதற்கில்லை. தாங்கள் மாநில அரசை அணுகலாம்.'

நான்கு தடவை படித்தேன். என் ஆயுசில் தில்லி ஒரு மாநில உரிமையைத் தானாக ஒப்புக்கொண்டு பார்த்தது இதுதான் முதல் தடவை. இதற்காகவா நான் பன்னிரண்டு வருஷம் தொண்டை வற்றக் கத்தினேன்?

மெட்ராஸும் இல்லை என்கிறது, தில்லியும் இல்லை என்கிறது. அப்படியானால் நான் எழுதாமல் விட்டதை எழுதிவிட வேண்டும்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி பேசினோம், முடிவாயிற்று என்று எழுதி வைத்திருக்கிறேன். பேசவில்லை. நான் கத்தினேன். ரேடியோ முடிந்த பத்தாவது நிமிஷம் அவன் பையைத் தோளில் மாட்டிவிட்டான். கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவரும், "போகட்டும் விடு பொற்கொடி, காது எப்ப வேணா குத்தலாம்" என்று சொன்னார். நான் பையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் துணி, பணம், எஸ்டேட் விலாசம் எல்லாம் அதில் இருந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "ரெண்டு நாள்ல ஒண்ணும் குடி முழுகிடாது. போனா இனி அக்கான்னு ஒருத்தி இல்லன்னு நினைச்சுக்கோ" என்றேன். அதோடு விட்டேனா? கலைத்தாலும் நம் போலீஸ் நம் போலீஸ்தான், தேவசகாயம் நம் வீட்டுக் காபி குடித்தவர் என்று பாடம் வேறு நடத்தினேன். மாநில அரசைக் கலைக்கிற முன்னூற்று ஐம்பத்தாறாவது பிரிவை எண் மாறாமல் சொல்லத் தெரிந்தவள் நான். என் மகள் காதுக்கு நாள் தவறக் கூடாது என்பதற்காக அதை இரண்டு நாள் மறந்துபோனேன்.

மார்ச்சில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். "நீ பூட்டினது பீரோவைத்தானேக்கா, என் காலையா? போகணும்னா வெறுங்கையோட போயிருப்பேன். நின்னது நான்" என்றான். அப்படிச் சொன்னால் நான் தேறிவிடுவேன் என்று நினைத்தான் முட்டாள்.

தபால் வந்தபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து கயலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சாவுக்கு வந்தவள் இன்னும் ஊருக்குப் போகவில்லை. "என்னம்மா போட்டிருக்கான்?" என்று கேட்டாள்.

"அவங்க பொறுப்பு இல்லையாம்மா. மெட்ராஸைக் கேக்கணுமாம்."

"மெட்ராஸுல தில்லியைக் கேக்கச் சொன்னான்னியே."

"ஆமாம்மா."

அம்மா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். கயலை விளையாடப் போகச் சொன்னாள். பிறகு கேட்டாள், "அப்ப என் பிள்ளை செத்ததுக்கு யாருதான் பொறுப்பு?"

அவர் உள்ளறை வாசலில் நின்று என்னையே பார்த்தார். வாயைத் திறந்தேன். சொல்ல வந்தேன், சத்தியமாக. அழுகைதான் வந்தது.

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "நீ என்னடி பண்ணுவ, எத்தனை மனு எழுதின, எத்தனை வாசப்படி ஏறி இறங்கின. உன்ன மாதிரி ஒரு அக்கா அவனுக்கு இருந்தாளே, அது போதும்" என்று என் தலையைத் தடவினாள்.

நான் அப்படியே படுத்துக் கிடந்தேன்.